இடது காதில் காற்று

நம்பத் தகுந்ததையே நம்பி, அந்த நம்பிக்கையாலேயே கெட்டுப்போன ஒருவரைத் தவறு செய்தவர் என்று சொல்லலாமா? க்ளென் அரக் பள்ளத்தாக்கில் யாரும் இதை இப்படிக் கேட்கவில்லை. "போயும் போயும் இஷ்பெலுக்கா இப்படி ஆகணும்?" என்றுதான் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்.

இஷ்பெல் ரென்னி உப்பு லாரி ஓட்டினாள். ஸ்காட்லாந்தின் அந்த மேட்டு நிலத்தில் குளிர்காலம் முழுவதும் விடிவதற்கு முன்பே சாலையில் உப்பு தூவியாக வேண்டும். தூவாவிட்டால் பள்ளிப் பேருந்து வளைவில் வழுக்கி ஓடையில் இறங்கிவிடும். அவள் ஓட்டிய காலத்தில் ஒரு பேருந்தும் ஓடையில் இறங்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, ஊரும் பேசி அலுத்துவிட்டது.

லாரி ஓட்டாத நாளில் மலை ஏறினாள். மூடுபனியில் வழி கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. இளம் வயதில் ஒருமுறை, மேலே சமவெளி போலப் பரந்து கிடக்கும் இடத்தில் மூடுபனி சூழ்ந்தபோது, திசைகாட்டியைப் பையில் வைத்துவிட்டு மனசுக்குத் தோன்றிய பக்கம் நடந்தாள். நேராக நடப்பதாகத்தான் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் பனியில் பூட்ஸ் தடம் தெரிந்தது. முன்னால் யாரோ போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, அந்தத் தடத்தில் தன் காலை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

அன்றிலிருந்து அவள் தன் உடம்பை நம்பவில்லை. கண் பொய் சொல்லும், கால் பொய் சொல்லும், களைத்த மனசு எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் சொல்லும். திசைகாட்டியின் முள் ஒன்றுதான் யாருக்காகவும் மாறாதது. புதிதாக மலை ஏற வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். கூடவே இன்னொன்றும் சொல்வாள்: "இரும்புக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்காதே. பனிக்கோடரியைத் தள்ளி வெச்சுட்டு அப்புறம் பாரு."

அவளுடைய தங்கை ரோனா ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கத்தரி ஓயும், வாய் ஓயாது. அவள் கணவன் ஆர்ச்சிக்கு ஆணி, பூட்டு, வாளி விற்கும் கடை. முழங்கால் கெட்டுப்போனதால் அவன் மலைப்பக்கம் போவதில்லை. ஆனாலும் புத்தாண்டுக்கு மறுநாள் அவனுக்கும் ஒரு வேலை உண்டு. அன்று அக்காவும் தங்கையும் ஊருக்கு மேலே குதிரை லாடம் போல வளைந்து நிற்கும் நான்கு சிகரங்களையும் ஒரே பகலில் சுற்றி வருவார்கள். அவர்கள் திரும்பும்போது அடுப்பில் பருப்பு சூப் தயாராக இருக்க வேண்டும். அது ஆர்ச்சியின் பங்கு. வெயில், மழை, பனி எதுவும் கணக்கில்லை. ஜனவரி இரண்டாம் தேதி என்றால் நான்கு சிகரம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ரோனா அக்காவுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தாள். தடித்த கம்பளி. விரல்களை மொத்தமாக மூடும் மூடி ஒன்று, தேவைப்பட்டால் அதைப் பின்னால் மடித்துக்கொள்ளலாம்.

"போட்டுப் பாருங்க," என்றான் ஆர்ச்சி. "மூடியை இப்படி மடிச்சா விரல் வெளியே வந்துடும். மடிச்சது தொங்கிக்கிட்டு நிக்காது. பாருங்க... டக்!"

"பட்டன் எங்க?"

"பட்டனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. புறங்கையில தானாப் பிடிச்சுக்கும்."

"விட்டா இவர் விலை சொல்லி வித்துடுவாரு," என்றாள் ரோனா. "கடையை அடைச்சிட்டு வாங்கன்னா, கடையையே மடியில கட்டிக்கிட்டு வந்துடுவாரு."

உள்ளே என்ன இருக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று இஷ்பெல் கேட்கவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே நம்புகிறவள், அன்று இன்னொரு துண்டு கேக் மட்டும் கேட்டாள்.

ஜனவரி இரண்டாம் தேதி வண்டியை நிறுத்தும் இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பாதி மலை ஏறுவதற்குள் மழையோடு பனியும் சேர்ந்துகொண்டது. முதல் சிகரத்துக்குக் கீழே, விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, ஒவ்வொரு கல்லும் கண்ணாடி பூசியதுபோல் இருந்தது. இருவரும் உட்கார்ந்து பூட்ஸின் அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டார்கள். மாட்டி முடிப்பதற்குள் ஈரமான உள்ளாடை முதுகில் ஜில்லென்று ஒட்டியது.

"அக்கா, இதை நாம ஏன் பண்றோம்?"

"போன வருஷமும் இதையேதான் கேட்ட."

"போன வருஷமும் நீ பதில் சொல்லல."

மூன்று சிகரம் வரை வழி தேட வேண்டியதில்லை. பழைய வேலியின் மரக்கம்பங்கள் முகட்டிலேயே போகும். கம்பம் கம்பமாகத் தொட்டுக்கொண்டு போனால் போதும். காற்று முழுக்க ஒரே பக்கத்திலிருந்து அடித்தது. மூன்றாவது சிகரத்தில் வேலி முடிந்தது. நான்காவது, வலப்புறப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியபடியே ஏறினால் வந்துவிடும். ஏறினார்கள். உச்சியில் இருந்த கற்குவியலை இருவரும் வழக்கம்போலத் தொட்டார்கள். தொடாவிட்டால் ஏறியதாகக் கணக்கில்லை. கல்லின் மேல் ஐஸ் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்ததால் உண்மையில் அவர்கள் தொட்டது ஐஸைத்தான்.

ஃபிளாஸ்க்கில் தேநீர் பாதி ஆறியிருந்தது. ரோனா பையிலிருந்து பஞ்சு எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டாள். நான்காவது சிகரத்திலிருந்து இறங்கும்போது எல்லா வருடமும் காற்று அந்தக் காதில்தான் குத்தும். இறங்கிய பிறகு இரண்டு நாள் வலிக்கும். ஆகவே பஞ்சு. அதுவும் அந்த நாளின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது.

கஷ்டம் இனிமேல்தான். அங்கிருந்து இறங்கும் பாதை ஒரு பரந்த தோள். அதன் ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம். குளிர்காலத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து பள்ளத்தின் விளிம்பில் தாழ்வாரம்போல நீட்டி வைத்துவிடும். மேலே நிற்பவருக்கு அது தரைபோலத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. வெளியே எங்கும் வெள்ளை. தரையும் வானமும் ஒரே நிறம். குறிபார்க்க ஒரு கல்கூட இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னால் நடப்பார். மற்றவர் பின்னால் நின்று திசைகாட்டியைப் பார்த்து, இடம், வலம் என்று சொல்லி அவரை நேர்கோட்டில் நிறுத்துவார். முன்னால் போகிறவர்தான் குறி. வருடா வருடம் ரோனாதான் அந்தக் குறி.

இஷ்பெல் பனிக்கோடரியைத் தூரத் தள்ளிக் குத்தி வைத்தாள். இடது கையுறையின் மூடியைப் பின்னால் மடித்தாள். டக். விரல்களால் திசைகாட்டியின் வட்டத்தைத் திருப்பிச் சரிசெய்து, உள்ளங்கையில் தட்டையாக வைத்துப் பார்த்தாள். முள் ஆடி நின்றது. இன்னொரு முறை பார்த்தாள். அதே இடத்தில் நின்றது.

"நட," என்றாள்.

ரோனா கொஞ்ச தூரம் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அக்கா, காத்து முதுகுல அடிக்குது."

"அடிச்சா என்ன?"

"இந்த இறக்கத்துல இடது காதுலதானே அடிக்கும்? பஞ்சு சும்மா இருக்கு பாரு. அதுக்கு வேலையே இல்ல."

"காத்து திரும்பியிருக்கும்."

"காலையிலேருந்து ஒரே பக்கம்தானே அடிச்சுது? இங்க வந்து நின்னதும் உனக்காகத் திரும்பிடுச்சா?"

"ரோனா, மூடுபனியில உடம்பு சொல்றதைக் கேட்டு நடந்தவங்களை மீட்புக் குழு டூகல் எத்தனை தடவை தூக்கிட்டு வந்திருக்கான்னு உனக்குத் தெரியும். காத்து நெனச்சாத் திரும்பும். முள்ளு திரும்பாது."

"ஆக, என் காதைவிட உன் முள்ளு பெரிசு."

"ஆமா."

ரோனா சிரித்தாள். கண் இமையில் பனி ஒட்டியிருந்தது. "சரி தாயே. உன் முள்ளு சொல்ற இடத்துக்கே போறேன். தப்பாப் போச்சுன்னா சூப் மொத்தமும் எனக்கு. உனக்குச் சட்டியைக் கழுவுற வேலை."

அவள் மறுபடி முன்னால் போனாள். அவளுடைய சிவப்புச் சட்டை வெள்ளையில் மங்கியது.

"கொஞ்சம் இடது பக்கம்," என்று இஷ்பெல் கத்தினாள். "இன்னும் கொஞ்சம். போதும். நேரா போ."

ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, பக்கத்து அறையில் யாரோ அலமாரியைச் சாத்தியது போல. சிவப்பு இல்லை.

இஷ்பெல் படுத்து, கோடரியைக் குத்திக் குத்தி ஊர்ந்து போனாள். பனி விளிம்பு கத்தியால் வெட்டிய கேக் போல ஒடிந்திருந்தது. அதற்கு அப்பால் மேலே இருந்த அதே வெள்ளைதான் கீழேயும் இருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். செல்பேசியில் சிக்னல் இல்லை. கயிறு கொண்டுவரவில்லை. ஆள் கூட்டிவர இறங்கியாக வேண்டும்.

கற்குவியலுக்குத் திரும்பி, மறுபடி திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்தாள். முள் மறுபடியும் அந்த உடைந்த விளிம்பையே காட்டியது. பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, தலையை மூடியிருந்த தொப்பியைக் கழற்றினாள். காற்று இடது காதில் குத்தும்வரை உடம்பைத் திருப்பினாள். அந்த வலியை அதே காதில் வைத்துக்கொண்டு நடந்தாள். மங்கலான வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பாதை காலடியில் வந்து சேர்ந்தது. ஒரு தப்படிகூடத் தப்பவில்லை.

மறுநாள் மீட்புக் குழுவினர் ரோனாவைக் கீழே கொண்டுவந்தார்கள். பஞ்சு காதிலேயே இருந்தது.

குழுவின் தலைவன் டூகல், இஷ்பெலோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சாலையோரக் கொட்டகையில் அவளை உட்காரவைத்துக் கேட்டான்.

"என்ன ஆச்சு, இஷ்பெல்?"

"தப்பாப் பார்த்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"வட்டத்தைத் தப்பாத் திருப்பினியா? வடக்கையும் தெற்கையும் மாத்திட்டியா? அதெல்லாம் புதுசா ஏறுறவன் பண்ற வேலை."

"அப்போ நானும் புதுசுன்னு வெச்சுக்கோ."

அவள் பொய் சொல்லவில்லை. வேறு எப்படி நடந்திருக்க முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்குள் எங்கோ ஒரு கணம் ஏதோ நழுவியிருக்கிறது என்றுதான் நம்பினாள். எந்தக் கணம் என்று லாரியில் உட்கார்ந்து தினமும் தேடினாள்.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஆர்ச்சி அவளிடம் வந்தான். "அவ ஏதாவது சொல்லியிருப்பாளே. சொல்லாம இருக்கிறவளா? உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா. காத்து தப்பா அடிக்குதுன்னு சொன்னா."

"அப்புறம்?"

"நான் கேக்கல."

ஆர்ச்சி ஒரு அடி பின்னால் போனான். "இனிமே நீ என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதே," என்றான். இத்தனை வருடத்தில் அவன் அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை.

வாசலில் நிற்க வேண்டாம், கடக்காமல் இருக்க முடியாது. அவன் வீடு இருந்த சாலைக்கும் உப்பு தூவியாக வேண்டும். ஒவ்வொரு விடியலிலும் லாரி அவன் சன்னலுக்குக் கீழே போனது. விளக்கு எரியும். அவன் நின்றுகொண்டிருப்பான். லாரி போனதும் விளக்கு அணையும். இரண்டு பேருக்கும் அது ஒரு தண்டனை. யார் யாருக்குக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத தண்டனை. லாரிக் கொட்டகையில் ஆண்கள் அவள் உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்கள். மலைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், யாருக்கும் தவறு வரும் என்றார்கள். அது அவளுக்குத் தெரியாததா? தவறே செய்யக்கூடாது என்பதற்காகத்தான் அவள் தன் உடம்பை நம்புவதையே விட்டவள்.

மார்ச் மாதம் ஒரு காலை, உப்பு தூவிவிட்டு வந்து ஈரமான கையுறையைச் சமையலறை மேசையில் உலர வைத்தாள். மூடி மடித்தபடியே இருந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, மலைக்குக் கொண்டுபோகும் பையைத் துழாவிக் கைக்குட்டை தேடியபோது, அதிலிருந்த சில்லறைச் சாமான்களோடு திசைகாட்டியும் மேசைமேல் வந்து விழுந்தது. முள் சுழன்று நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் சன்னல் எந்தப் பக்கம், வடக்கு எந்தப் பக்கம் என்பது அந்த வீட்டில் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். முள் வடக்கைக் காட்டவில்லை.

கையுறையைத் தள்ளி வைத்தாள். முள் மெல்ல, ஒன்றும் நடக்காததுபோல, வடக்குக்குப் போனது. பக்கத்தில் கொண்டுவந்தாள். சாய்ந்தது. தள்ளினாள். பக்கத்தில் வைத்தாள். மூடி ஒட்டும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது, கம்பளிக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தட்டையாக, கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. காந்தம்.

அடுப்பில் கெட்டில் கொதித்துக் கொதித்து வற்றியது.

அவள் வட்டத்தைத் தப்பாகத் திருப்பவில்லை. எதையும் மாற்றவில்லை. கோடரியைக்கூட மறக்காமல் தள்ளி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்து, சரியாகவே தங்கையை அனுப்பியிருக்கிறாள். இது நிம்மதி தரும் என்று நினைப்போம். தரவில்லை. இதுவரை அவள் கையில் ஒரு தவறாவது இருந்தது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள, திருப்பித் திருப்பிப் பார்க்க. இப்போது அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்தது தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு மூடி, அது எப்படிப் பிடிக்கிறது என்று கேட்காமல் போன ஒரு கிறிஸ்துமஸ் மாலை.

ஆனால் ஒன்று மட்டும் அவளால் செய்ய முடியும். ஆர்ச்சியிடம் போய்ச் சொல்லலாம். மேசைமேல் இரண்டையும் வைத்துக் காட்டினால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கையுறையையும் திசைகாட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் அவன் கடைக்குப் போனாள். வீட்டு வாசல்தான் கூடாது, கடை யாருக்கும் திறந்ததுதானே.

கடையில் வேறு யாரும் இல்லை. ஆர்ச்சி ஆணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். கழுத்தில் சட்டைக் காலர் நிற்கவில்லை. முடி காதை மறைத்து வளர்ந்திருந்தது. வெட்டிவிட ஆளில்லை.

"என்ன வேணும்?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஆர்ச்சி." அவள் பைக்குள் கையை விட்டாள். முதலில் வந்தது கையுறை.

அவன் அதைப் பார்த்ததும் கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தான்.

"அதை இன்னும் போடறியா?"

அவள் தலையசைத்தாள்.

"அவ மஃப்ளர் வாங்கலாம்னா," என்றான் ஆர்ச்சி. அவளைப் பார்க்காமல், கையுறையைப் பார்த்துப் பேசினான். "நான்தான் வேண்டாம்னேன். அக்காவுக்கு விரல் மரத்துப்போகுதுன்னு புலம்புறியே, இதை வாங்குன்னேன். மூணு கடை ஏறி இறங்கினோம். இந்த மூடி வெச்சதுதான் வேணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னேன். அவளுக்குச் சிரிப்பு. நீங்க மலைக்கே போறதில்ல, உங்களுக்கென்ன இவ்வளவு அக்கறைன்னா." அவன் மூக்கை உறிஞ்சினான். "கடைசி வருஷம் முழுக்க அவகூட எதுக்காவது சண்டை போட்டுக்கிட்டே இருந்தேன். தெரியுமா உனக்கு? அவ சொல்லியிருக்க மாட்டா. அந்த ஒரு சாயங்காலம்தான் நல்லா இருந்தோம். அது ஒண்ணைத்தான் நெனச்சுப் பார்க்க முடியுது."

இஷ்பெலின் மற்றொரு கை இதற்குள் பைக்குள் போயிருந்தது. திசைகாட்டியின் வட்ட விளிம்பு அவள் விரலில் பட்டுக்கொண்டிருந்தது.

"உன்மேல எனக்குக் கோபம்தான்," என்றான் அவன். "அது போகாது. போகும்னு எதிர்பார்க்காதே. ஆனா இந்தக் கையுறையைத் தூக்கிப் போட்டுடாதே. என்ன சொல்ல வந்த?"

கடைக்கு வெளியே பள்ளிப் பேருந்து போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"தாழ்ப்பாள் ஒண்ணு வேணும்," என்றாள் இஷ்பெல். "கொல்லைக் கதவுக்கு."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

ஊருக்குத் தெரிந்திருந்தால் பெருந்தன்மை என்று சொல்லியிருக்கும். அந்தச் சொல் இங்கே சரியாக உட்காருமா என்பது சந்தேகம். சொல்லியிருந்தால் ஆர்ச்சிக்கு உண்மை கிடைத்திருக்கும். உண்மை ஒருவருக்குச் சேரவேண்டியது என்றால், அவள் அதை அவனிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டாள். சொல்லாததால் அவன் கோபம் அப்படியே இருந்தது, சன்னலில் விளக்கு எரிந்து அணைந்தது, கொட்டகையில் பேச்சு மாறியது. ரோனா எழுந்து வரவில்லை. யாருக்கும் எதுவும் லேசாகவில்லை.

அடுத்த ஜனவரி இரண்டாம் தேதியும் மழையோடு பனி கலந்து கொட்டியது. வண்டி நிறுத்தும் இடத்தில் டூகல் நின்றிருந்தான். இப்படிப்பட்ட நாளில் யார் மேலே போகிறார்கள் என்று பார்த்துவைப்பது அவன் வழக்கம். இஷ்பெல் தனியாக வந்து இறங்கினாள். கையில் அதே கையுறை. மூடி புறங்கையில் மடித்து, ஒட்டியிருந்தது. அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் திசைகாட்டிக் கயிறு இல்லை என்பதை டூகல் உடனே பார்த்துவிட்டான்.

"முள்ளு எங்க?"

"வீட்டுல. ஆணியில மாட்டியிருக்கு."

"மேல ஒண்ணுமே தெரியல, இஷ்பெல். நாலும் மூடிக்கிடக்கு."

"தெரியுது."

"அப்போ எதை வெச்சுப் போவ? ஏன் இப்படிப் பண்ற?"

அவள் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தாள். உருட்டி, வலது காதில் வைத்துக்கொண்டாள். இடது காதை மூடவில்லை. தொப்பியை விலக்கி அந்தக் காதை மழைக்கும் காற்றுக்கும் திறந்துவைத்துக்கொண்டு, முதல் சிகரத்தின் பக்கம் நடந்தாள்.